பாட்டியின் கறுப்பு வெள்ளை போட்டோவை ஸ்கிராட்ச்போர்டில் கீறுவது எப்படி?

பாம்படக்காரி_பேத்தி

எங்கள் பாட்டிக்கு இருப்பது ஒரே ஒரு போட்டோ. ஊர்ப்பக்கம் ஏதோ ஒரு ஸ்டுடியோவில் எடுத்தது, உள்ளங்கையில் அடங்கிவிடும். வெள்ளைச் சேலை, நரைத்த தலை, தோளைத் தொடும் காதுகளில் பாம்படம், மடியில் கோத்து வைத்த கைகள். பென்சிலில் இரண்டு முறை வரைந்தேன். இரண்டுமே யாரோ ஒரு பாட்டி ஆகிவிட்டன.

அண்ணன் வெளிநாட்டிலிருந்து வரும்போது ஆம்பர்சாண்ட் கம்பெனியின் ஸ்கிராட்ச்போர்டு பலகை மூன்று வாங்கி வந்தான், 8க்கு 10 அங்குலம். மேலே முழுக்கக் கறுப்பு, கீறினால் அடியிலிருக்கும் வெள்ளை தெரியும். ஒன்றில் பூனையைக் கீறிப் பார்த்துப் பாழாக்கியாயிற்று. மீதி இரண்டு இருக்கிறது. பாட்டியை அதில் கொண்டுவர ஆசை.

என் சந்தேகங்கள்: கறுப்புப் பலகைமேல் படத்தை எப்படி ஏற்றுவது? எங்கே தொடங்குவது? பாதிப் படம் வெள்ளைச் சேலையாக இருக்கிறதே, அவ்வளவையும் சுரண்டவா?

சாக்பீஸ்_டீச்சர்

முதலில் போட்டோவை 600 டிபிஐயில் ஸ்கேன் செய்யுங்கள். சின்னப் படத்தைப் பெரிதாக்கப் போகிறீர்கள், செல்போனில் எடுத்தால் போதாது. பலகை அளவுக்கே இரண்டு பிரிண்ட் போடுங்கள். ஒன்று அப்படியே. இன்னொன்று நெகட்டிவாக, அதாவது கறுப்பை வெள்ளையாகவும் வெள்ளையைக் கறுப்பாகவும் மாற்றி. ஜெராக்ஸ் கடையில் சொன்னாலே செய்து தருவார்கள்.

அந்த நெகட்டிவ் தாள்தான் உங்களுக்கு வழிகாட்டி. அதில் எங்கெல்லாம் கறுப்போ அங்கெல்லாம் கத்தி போக வேண்டும். நமக்குப் பென்சில் பிடித்துப் பழகிய கை, நிழலைத்தான் தேடிப் போகும். ஸ்கிராட்ச்போர்டில் நிழல் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது, வெளிச்சத்தை மட்டும் வரைகிறோம். நெகட்டிவைப் பார்த்து வெள்ளைத் தாளில் பென்சிலால் ஒருமுறை வரைந்து பாருங்கள். கை திரும்பிக்கொள்ளும்.

படத்தை ஏற்றுவதற்கு: பிரிண்டின் பின்பக்கம் வெள்ளை சாக்பீஸை நன்றாகத் தேய்த்து, உதறி, பலகைமேல் டேப் போட்டு ஒட்டி, மை தீர்ந்த ரீஃபிலால் கோடுகளை மெதுவாக ஓட்டுங்கள். அழுத்தக் கூடாது. அழுத்தினால் கறுப்பில் பள்ளம் விழும், முடித்த பிறகு சாய்த்துப் பார்த்தால் அந்தப் பள்ளம் பல்லிளிக்கும். தையல்காரர் வைத்திருக்கும் வெள்ளை கார்பன் வேண்டாம். சிலதில் மெழுகு இருக்கும், பின்னால் அந்த இடத்தில் மை தொட்டால் பிடிக்காது.

சும்மா_பார்த்தவன்

டிரேஸ் எடுத்து வரைந்தால் அது ஓவியமா? தெரியாமல்தான் கேட்கிறேன்.

இது நாங்கள் மூன்றாம் வகுப்பில் செய்ததுதானே? கிரேயான் பூசி, மேலே கறுப்பு போஸ்டர் கலரைத் தடவி, குச்சியால் சுரண்டுவோம். அதற்கு எதற்கு வெளிநாட்டுப் பலகை?

சாக்பீஸ்_டீச்சர்

அதில் சுரண்டுவது மெழுகு மேல் இருக்கும் பெயிண்டை. பிசிறு பிசிறாகத்தான் வரும். மயிரிழைக் கோடு வராது. (கலர் ஒட்டாமல் வழுக்கும் என்று ஒரு சொட்டு சோப்புத் தண்ணீர் விடுவோமே, ஞாபகம் இருக்கிறதா?) இந்தப் பலகையில் மேலே இந்தியன் இங்க், அதற்குக் கீழே கயோலின் என்கிற வெள்ளைக் களிமண் பூச்சு, அதற்குக் கீழே ஹார்டுபோர்டு. கத்தி நுனி மையை மட்டும் சீவி எடுத்தால் பளிச்சென்று வெள்ளை. கொஞ்சம் ஆழம் போனாலும் களிமண்தான். ரொம்பப் போனால் பழுப்பு நிறத்தில் பலகை வந்துவிடும், அப்புறம் ஒன்றும் செய்ய முடியாது.

டிரேஸ் பற்றி: மூக்கு எங்கே இருக்கிறது என்பதைத்தான் டிரேஸ் சொல்லும். மூக்கில் எத்தனை கோடு, எந்தப் பக்கம் சாய்த்து, எங்கே நிறுத்துவது என்பதெல்லாம் இவர் பாடு. வேண்டுமானால் கட்டம் போட்டு அளந்து வரையட்டும், அதே இடத்துக்குத்தான் வந்து நிற்பார்.

ரோமக்கோடு

அக்கா, நான் நாய், பூனை, யானை என்று விலங்குகள் மட்டும்தான் கீறுவேன். ஆனாலும் கருவி ஒன்றுதான்.

சர்ஜிக்கல் கடையில் 3ஆம் எண் கைப்பிடியும் 11ஆம் எண் பிளேடும் வாங்கிக்கொள்ளுங்கள். பிளேடை மாற்றிக்கொண்டே இருங்கள். நுனி மழுங்கினால் கோடு தடிக்கும், நீங்களோ கை சரியில்லை என்று நினைத்துக்கொள்வீர்கள். கோடு போடும்போது உங்களை நோக்கி இழுங்கள், தள்ளாதீர்கள். கை வைக்கும் இடத்தில் ஒரு தாளைப் போட்டுக்கொள்ளுங்கள், விரல் எண்ணெய் பட்டால் கறுப்பில் திட்டு விழும்.

நரைமுடிக்கு வேரிலிருந்து நுனிக்கு ஓட்டி, முடிவில் கத்தியைத் தூக்கிவிட வேண்டும். அப்போதுதான் கோடு தானாக மெலிந்து முடியும். இரண்டு கோடுகள் இணையாக ஓடவே கூடாது. இழை இழையாகக் குறுக்கே போகட்டும், நடுநடுவே கறுப்பை விட்டு வையுங்கள். முடியை முடியாகக் காட்டுவது அந்தக் கறுப்பு இடைவெளிதான்.

சேலை விஷயத்தில் என் யோசனை: முழுக்கச் சுரண்டாதீர்கள். மடிப்பின் மேடுகளை மட்டும் தொட்டுவிட்டு மீதியை இருட்டில் விட்டுவிடுங்கள். முகத்துக்குப் போட்டியாக வேறு வெள்ளை இருக்கக் கூடாது.

சாக்பீஸ்_டீச்சர்

> மீதியை இருட்டில் விட்டுவிடுங்கள்

அப்படிச் செய்தால் பாட்டி கறுப்புச் சேலை கட்டியிருப்பார்! அந்தக் காலத்துத் தென்மாவட்டப் பாட்டிகளுக்கு வெள்ளைச் சேலைதான் பாதி அடையாளம். வெள்ளை வெள்ளையாகத் தெரியத்தான் வேண்டும்.

ரோமக்கோடு

டீச்சர், ஒரு தோளில் மட்டும் நெருக்கமாகக் கீறினால் போதும். அங்கே வெள்ளை என்று கண் நம்பிவிட்டால் இடுப்புப் பக்கம் இருட்டில் கரைந்தாலும் அதே துணி என்றுதான் எடுத்துக்கொள்ளும். ஒரு வெள்ளை நாய்க்குட்டியை உடம்பு முழுக்கச் சுரண்டி மாவு மூட்டை ஆக்கிய அனுபவத்தில் சொல்கிறேன்.

லைன்பிளாக்

நான் ஓவியன் இல்லை. அச்சுக்கு பிளாக் செய்யும் கூடத்தில் இருந்தவன். கறுப்பு வெள்ளை பற்றிப் பேச்சு வந்ததால் நுழைகிறேன்.

இந்தப் பலகை எதற்கு வந்தது என்று தெரிந்தால் இதில் எப்படிக் கீற வேண்டும் என்பதும் புரிந்துவிடும். 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் பத்திரிகைப் படங்களை மரத்தில் செதுக்கித்தான் அச்சடித்தார்கள். அந்த வேலைக்கு நாள் பிடிக்கும். பிறகு கோட்டுப் படத்தை கேமராவில் பிடித்து துத்தநாகத் தகட்டில் இறக்கி, அமிலத்தில் அரிக்க வைத்து லைன் பிளாக் எடுக்கும் வழி வந்தது. மரச் செதுக்குப் படத்தின் தோற்றம் வேண்டும், ஆனால் மரம் வேண்டாம் என்றபோது இந்தப் பலகை கை கொடுத்தது. பிரிட்டனில் ஸ்கிரேப்பர்போர்டு என்பார்கள்.

போட்டோவை அப்படியே அச்சிட, படத்தைச் சின்னச் சின்னப் புள்ளிகளாக உடைக்கும் ஹாஃப்டோன் பிளாக் இருந்தது, உண்மைதான். ஆனால் நியூஸ்பிரிண்ட் தாள் மையை உறிஞ்சும். அங்குலத்துக்கு 65 புள்ளி வரிசை போல முரட்டுத் திரைதான் தாங்கும், அதிலும் முகம் சேறாகிவிடும். ஸ்கிரேப்பர்போர்டில் சாம்பல் என்பதே கிடையாது. கறுப்பு அல்லது வெள்ளை, அவ்வளவுதான். மட்டமான தாளிலும் துல்லியமாக விழும். அமெரிக்காவில் வர்ஜில் பின்லே என்ற ஓவியர் 1930களிலிருந்து மலிவு விலைக் கதை இதழ்களுக்கு இப்படித்தான் படம் போட்டுக்கொண்டிருந்தார். புள்ளியும் கீறலுமாக. அந்தத் தாளில் அப்படி ஒரு படமா என்று இருக்கும்.

ஆகவே அம்மா, போட்டோவில் இருக்கும் சாம்பலை உங்கள் பலகையில் தேடாதீர்கள். சாம்பல் என்பது கோட்டின் தடிமனும் கோடுகளுக்கு நடுவே நீங்கள் விடும் இடமும்தான். கோடு நெருங்கினால் வெளிச்சம், விலகினால் மங்கல். ஒரு மூலையில் ஐந்து சின்னக் கட்டம் போட்டு, கறுப்பிலிருந்து வெள்ளை வரை ஐந்து படியும் உங்கள் கையால் வருகிறதா என்று பாருங்கள். ஐந்து வந்தால் போதும்.

பாம்படக்காரி_பேத்தி

எல்லோருக்கும் நன்றி. ஐயா, பூனை பாழான பலகையின் பின்னணியில் அந்த ஐந்து கட்டங்களையும் போட்டுப் பார்த்தேன். மூன்றாவதும் நான்காவதும் ஒன்றுபோலவே வந்தன. ஒரு வாரம் போட்ட பிறகுதான் பிரிந்தன.

இப்போது வேறொரு சிக்கல். ஸ்கேன் செய்து பெரிதாக்கியதும் திடுக்கென்றது. பாட்டியின் கைகளில் நரம்பு, சுருக்கம் எல்லாம் அப்படியே தெரிகிறது. முகம் மட்டும் உரித்த முட்டை மாதிரி இருக்கிறது. நெற்றியில் ஒரு கோடு கூட இல்லை. எழுபது வயதுக்காரரின் கைமேல் நாற்பது வயது முகம். பென்சிலில் வரைந்தபோது ‘யாரோ’ ஆனதற்குக் காரணம் இதுதானோ?

லைன்பிளாக்

அதேதான். உங்கள் பாட்டி முகத்தில் உங்களுக்கு முன்னாலேயே ஒருவர் வேலை பார்த்திருக்கிறார்.

அந்தக் காலத்து ஸ்டுடியோக்களில் டச்சிங் என்று ஒரு வேலை இருந்தது. கண்ணாடி மேசைக்குக் கீழிருந்து வெளிச்சம் வரும்படி நெகட்டிவை வைத்து, நுனியை ஊசிபோலத் தீட்டிய பென்சிலால் தொட்டுத் தொட்டு நிரப்புவார்கள். பிரிண்டில் கறுப்பாக விழும் சுருக்கம் நெகட்டிவில் வெளிறிய கோடாக இருக்கும். அதைப் பென்சிலால் அடைத்தால் அங்கே வெளிச்சம் போகாது, பிரிண்டில் சுருக்கம் மறைந்துவிடும். எங்காவது கூடுதலாக வெளுத்திருந்தால் நெகட்டிவின் பூச்சைச் சின்னக் கத்தியால் சுரண்டுவார்கள், அந்த இடம் பிரிண்டில் கறுக்கும். நீங்கள் செய்யப்போகும் அதே சுரண்டல்தான், பலன் மட்டும் தலைகீழ்.

காசு வாங்கிக்கொண்டு கிழவியைக் குமரியாக்கித் தருவதுதான் அவர்கள் தொழில். கைக்கு யாரும் காசு தரமாட்டார்கள், அதனால் கை தப்பித்தது.

ரோமக்கோடு

ஐயா சொன்னதைப் படித்துவிட்டு எங்கள் வீட்டுப் பழைய படங்களை எடுத்துப் பார்த்தேன். தாத்தாவுக்கும் அதே கதை. அம்மை வடு காணோம்!

அக்கா, உங்கள் அம்மா பாட்டியின் மகள்தானே? ஜன்னலோரம் உட்கார வைத்து, பக்கவாட்டு வெளிச்சத்தில் ஒரு போட்டோ எடுங்கள். தோல் எப்படி மடிகிறது என்பதை அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். ஸ்டுடியோ வெளிச்சம் முன்னாலிருந்து விழுந்திருக்கிறது, முகத்தில் மேடு பள்ளமே தெரியவில்லை. ஸ்கிராட்ச்போர்டுக்கு அப்படிப்பட்ட வெளிச்சம் விஷம்.

சாக்பீஸ்_டீச்சர்

இதில் எனக்கு முழுச் சம்மதம் இல்லை. போட்டோவில் இல்லாத சுருக்கத்தைச் சேர்த்தால் அது யார் முகம்? அம்மாவின் சுருக்கம் அம்மா சிரித்துச் சிரித்து வந்தது. பாட்டி எப்படி இருந்தாரோ யார் கண்டார்?

என்னைக் கேட்டால் முகத்தில் பாதியை இருட்டில் விட்டுவிடுங்கள் என்பேன். தெரியாததைக் கீற வேண்டாம். கறுப்பு எப்படியும் சும்மாதானே கிடக்கிறது.

பாம்படக்காரி_பேத்தி

டீச்சர், நான் கண்டிருக்கிறேன். எனக்கு ஒன்பது வயது வரை பாட்டி இருந்தார். வெற்றிலை இடிக்கும்போது வாயோரம் இரண்டு கோடு குழியும். அது நன்றாக ஞாபகம் இருக்கிறது. நெற்றி ஞாபகமில்லை.

சாக்பீஸ்_டீச்சர்

அப்போது வாயோரத்தை மட்டும் கீறுங்கள். நெற்றியைப் போட்டோ சொன்னபடி விடுங்கள். என் வாதத்தை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன், பாதி.

ஒன்று கவனியுங்கள். சுருக்கத்தைக் கோடாகக் கீறினால் வெள்ளைக் கோடு விழும், தழும்பு மாதிரி ஆகிவிடும். சுருக்கம் என்பது நீங்கள் தொடாமல் விடும் கறுப்பு. அதன் இரண்டு பக்கத்து மேட்டையும் சின்னச் சின்னக் கீறலாகக் கீறிக்கொண்டு வந்து, ஓரத்தில் நிறுத்திவிடுங்கள்.

வச்சிரம்

நடுவே புகுந்ததற்கு மன்னிக்கவும். பலகை இங்கே எளிதில் கிடைப்பதில்லை என்பதால் நானே செய்து பார்த்தேன். யாருக்காவது உதவும்.

முதலில் ஹார்டுபோர்டில் அக்ரிலிக் ஜெஸ்ஸோ (ஓவியத்துக்கு அடியில் பூசும் வெள்ளைப் பூச்சு) பூசி மேலே இந்தியன் இங்க் அடித்தேன். படுதோல்வி. அது பிளாஸ்டிக் போல இருக்கிறது, கத்தி பட்டால் நார் நாராக உரிகிறது. அப்புறம் தஞ்சாவூர் ஓவியம் போடும் நண்பர் ஒருவர், பலகையில் துணி ஒட்டி, சுண்ணாம்புப் பொடியைப் பசையில் குழைத்துப் பல தடவை பூசி வழவழப்பாகத் தேய்ப்போமே, அந்த வழியில் போய்ப் பார் என்றார். சாக் பவுடரைத் தச்சர்களின் வச்சிரப் பசையில் குழைத்து, காயக் காய மெல்லிசாக ஏழு பூச்சு. பசை கெட்டியாக இருந்த முதல் பலகை வெடித்தது. தண்ணீர் கூட்டிச் செய்த இரண்டாவது நின்றது. நைஸ் உப்புத்தாளால் தேய்த்து, இங்க்கை இரண்டு தடவை அடித்தேன். கடைப் பலகை அளவுக்கு மெல்லிய கோடு வராது. ஆனால் மேட்டில் விழும் வெளிச்சத்துக்கு நன்றாகவே வருகிறது. பழகுவதற்கு இது போதும்.

பாம்படக்காரி_பேத்தி

தொடங்கிவிட்டேன். முதலில் முகத்தைத் தொடாமல் சேலையின் கீழ் மூலையில் ஆரம்பித்து மேலே வந்தேன். விளக்கைப் பக்கவாட்டில் வைத்தால்தான் கீறியது தெரிகிறது. நேராக வைத்தால் கறுப்பு மினுமினுத்துக் கண்ணைக் கூசுகிறது.

பாம்படம்தான் எதிர்பாராத சந்தோஷம். முடிக்கும் தோலுக்கும் ஆயிரம் கீறல் வேண்டியிருக்கிறது. தங்கத்துக்கு நாலு கீறல், பளிச்! கும்மென்ற கறுப்புக்குப் பக்கத்திலேயே முழு வெள்ளையை வைத்தால் உலோகம் வந்துவிடுகிறது, நடுவில் சாம்பலே தேவையில்லை. போட்டோவில் மங்கலான பித்தளை மாதிரி இருந்தது.

கண்ணில்தான் மோசம் போய்விட்டேன். கண்மணியில் ஒளிப்புள்ளி வைக்கும்போது கத்தி வழுக்கி, அரிசி அளவுக்கு வெள்ளையாகிவிட்டது. பாட்டி ஏதோ பேயைப் பார்த்தது போல இருக்கிறார். இதைச் சரிசெய்ய முடியுமா?

ரோமக்கோடு

முடியும் அக்கா, பதறாதீர்கள். மேலே மேலே கீறி மறைக்கப் பார்க்காமல் இருந்தீர்களே, அதுவே பெரிது.

இந்தியன் இங்க்கை மெல்லிய தூரிகை நுனியில் எடுத்து அந்த இடத்தில் மட்டும் வையுங்கள். நன்றாகக் காயட்டும், அவசரப்பட்டால் குழம்பும். பிறகு ஊசியால் ஒரே ஒரு புள்ளி. கத்தி வேண்டாம், தையல் ஊசியை மெக்கானிக்கல் பென்சிலில் செருகிக்கொண்டாலே போதும். மை தொட்ட இடத்தின் மினுமினுப்பு கொஞ்சம் வேறாகத் தெரியும். கடைசியில் வார்னிஷ் ஸ்பிரே அடித்தால் ஒன்றாகிவிடும். ஒரே இடத்தில் மூன்று நான்கு தடவைக்கு மேல் இந்த விளையாட்டு வேண்டாம், களிமண் தீர்ந்துவிடும்.

மை இருக்கும்போதே இன்னொன்று: கன்னம் அதிகமாக வெளுத்துவிட்டதென்றால் இங்க்கில் நிறையத் தண்ணீர் கலந்து அதன்மேல் ஒரு பூச்சு கொடுங்கள். கீறிய வெள்ளை எல்லாம் சாம்பலாகும். காய்ந்ததும் மேட்டை மட்டும் மறுபடி கீறுங்கள். விலங்கு ரோமத்துக்கு நான் இதையே இரண்டு மூன்று சுற்று செய்வேன். ஐயா சாம்பல் கிடையாது என்றார், அச்சுக்கு அது சரி. சுவரில் மாட்டப் போகும் படத்துக்கு இந்தச் சலுகையை எடுத்துக்கொள்ளலாம்.

லைன்பிளாக்

எடுத்துக்கொள்ளுங்கள், எடுத்துக்கொள்ளுங்கள். அமிலத் தொட்டியில் இறக்கவா போகிறீர்கள்.

சும்மா_பார்த்தவன்

நானும் கையிலிருந்த ஒரு அட்டையில் முயன்று பார்த்தேன் (கிண்டல் செய்ததற்குத் தண்டனை). தூள் கொட்டிக்கொண்டே இருக்கிறது. ஊதினேன், எச்சில் தெறித்துப் புள்ளி புள்ளியாகிவிட்டது.

ரோமக்கோடு

ஊதவே கூடாது அண்ணே. எச்சில் ஒரு பக்கம், அந்தத் தூள் மூக்குக்குள் போவது இன்னொரு பக்கம். மேக்கப் பிரஷ் போல மெத்தென்று ஒன்றை வைத்துத் தள்ளிவிடுங்கள், மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள். அட்டையில் செய்தால் ஒரு சுற்றுக் கீறலோடு நிறுத்திக்கொள்ளுங்கள், பிளேடு அட்டைக்குள் இறங்கிவிடும்.

பாம்படக்காரி_பேத்தி

முடித்துவிட்டேன். கண் சரியாகிவிட்டது, தேடினால்தான் ஒட்டு தெரியும்.

கடைசியில் வந்திருப்பது இது: இடது பக்கம் முகம், காது, பாம்படம், தோள் வரை சேலை. வலது பக்கம் ஏறக்குறைய ஒன்றுமில்லை. அந்தப் பக்கத்துப் பாம்படத்துக்கு மட்டும் ஒரே ஒரு கீறல். நெற்றியைப் போட்டோவில் இருந்தபடியே சமமாக விட்டேன். வாயோரம் அந்த இரண்டு குழி. கைகளை முழுசாகக் கீறினேன், நரம்பு உட்பட. கைக்கு மட்டும் ஆறு நாள் ஆனது, முகத்துக்கு நாலு நாள்தான்.

அம்மாவிடம் காட்டினேன். மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம், “காது எங்கம்மா காதுதான். மூக்கு உங்க சித்தி மூக்கால்லா இருக்கு” என்றார்.

சாக்பீஸ்_டீச்சர்

சித்தி யாருடைய மகள்?

பாம்படக்காரி_பேத்தி

பாட்டியின் மகள்தான் டீச்சர். நானும் அதையே சொன்னேன். “அப்ப சரி” என்று உள்ளே போய்விட்டார்.

ஒரு கேள்வி மட்டும் பாக்கி. கண்ணாடி போட்டு மாட்டுவதா, ஸ்பிரே மட்டும் போதுமா? சித்தி தனக்கும் ஒன்று கேட்கிறார். மீதி இருக்கும் பலகை ஒன்றுதான்.

ரோமக்கோடு

மேட் வார்னிஷை மெல்லிசாக இரண்டு மூன்று தடவை, ஒவ்வொன்றும் காய்ந்த பிறகு, மாடியில் காற்றோட்டமாக வைத்து அடியுங்கள். பிறகு கண்ணாடி தேவையில்லை. கறுப்புப் படத்துக்குக் கண்ணாடி போட்டால் பார்ப்பவர் முகம்தான் தெரியும். சித்திக்குப் படத்தை ஸ்கேன் எடுத்து பிரிண்ட் போட்டுக் கொடுங்கள், பலகையில் வேறு ஏதாவது கீறுங்கள்.

வச்சிரம்

சித்திக்கு வேண்டுமென்றால் என்னிடம் ஏழு பூச்சுப் பலகை ஒன்று சும்மா கிடக்கிறது. வெடிக்காதது.